அமெரிக்கக் கவிஞர் நோராவின் வாழ்வும் பணியும், ஸ்காபரோவில் சொல்லப்பட்டபடி

நேற்றுப் பிற்பகல், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பார்ட்டி ஹோலின் வாகனத் தரிப்பிடத்தில், என் அறிமுகவுரையிலிருந்து ஒரு பந்தியை நீக்குவது என்று முடிவெடுத்தேன்.

நன்கு யோசித்துத்தான் எடுத்தேன். எங்கள் மேடைகளில் பேச்சு நீண்டதற்குச் சான்று உண்டு. குறைந்ததற்கு இல்லை.

பக்கத்து இருக்கையில் அமெரிக்கக் கவிஞர் நோரா. பஃபலோவிலிருந்து பேருந்தில் வந்தவர். எங்கள் வாசகர் வட்டத்தின் முதல் வெளிநாட்டு விருந்தினர். (நாங்கள் எல்லோருமே வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் இதில் ஒரு சிக்கல் உண்டு. அதைச் செயற்குழு பார்த்துக்கொள்ளும்.)

நோராவின் வாழ்வும் பணியும் சுருக்கமானவை. தந்தை லொறி ஓட்டினார். நோரா ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தார். மிகச் சிறிய கவிதைகளாகச் சில தொகுதிகள் எழுதினார். பிறகு கணவர் இறந்தார், எழுத்து நின்றுபோனது.

பல வருடம் கழித்து இந்தக் குளிர்காலத்தில் ஒரு கவிதை வந்திருக்கிறது. ஆளில்லாத வீட்டில் குளிர்சாதனப்பெட்டி போடும் சத்தத்தைப் பற்றியது. இன்னும் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

ஏன் என்று கேட்டேன். ஊரில் எல்லோருக்கும் தன் கணவரைத் தெரியும், பாவம் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள் என்றார். அது கவிதைதானா என்பது, தன்னைத் தெரியாதவர்கள் முன்னால் வாசித்தால்தான் தெரியுமாம்.

அதற்காகத்தான் அந்தப் பந்தியை வெட்டினேன். ஹோல் ஐந்து மணி வரைதான் எங்களுடையது.

ஆட்கள் வரத் தாமதமாகும், எங்களில் முக்கால்வாசிப் பேர் முடிகிற நேரத்தில்தான் வருவார்கள் என்றும் நோராவுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தேன். விருந்தினர் மனம் நோகக் கூடாது.

முதலில் தலைமையுரை. பிறகு வரவேற்புரை. பிறகு நான். பிறகு வாழ்த்துரை. கடைசியில் நோராவின் ஏற்புரை. அதில்தான் கவிதை.

நான் வெட்டிய பந்தி நோராவின் தந்தையைப் பற்றியது. வட்டத்தின் தலைவர் சிவபாலன் அண்ணை அதைத் தன் உரையிலேயே சொல்லிவிட்டார். வரவேற்புரையும் சொன்னது. எல்லோரும் தயாரித்து வந்தது ஒரே புத்தகத்தின் ஒரே பின்னட்டையிலிருந்து. பின்னட்டை சிறியது. மேடை பெரியது.

தலைமையுரையில் தந்தை லொறிச் சாரதியாக இருந்தார். வரவேற்புரையில் லொறி விபத்துக்குள்ளாகி நோரா அநாதையானார். வாழ்த்துரை வழங்கிய ரியல் எஸ்டேட் ஏஜென்ட் (வடை அவருடைய அன்பளிப்பு) பேசும்போது, அமெரிக்க அரசை எதிர்த்து எழுதி நோரா சிறையில் இருந்தார். பஃபலோவில் தனி வீடு என்ன விலை போகிறது என்பதையும் அவர் சொன்னார். அவர் உரையில் சரியான தகவல் அது ஒன்றுதான்.

நோரா என் பக்கம் சாய்ந்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். தான் சிறைக்குப் போனதில்லை என்றார். இன்னும் பேசுகிறார்கள், பொறுத்திருங்கள் என்றேன்.

பிறகு பொன்னாடை. ஒருவர் போர்த்தினார், பலர் அதன் நுனியைப் பிடித்தார்கள், அத்தனை பேருக்கும் தனித்தனியே படம் எடுக்கப்பட்டது.

நோரா ஒலிவாங்கியின் முன்னால் வந்து நின்றபோது பின்கதவு திறந்தது. அடுத்த புக்கிங். ஒரு குழந்தையின் முதலாவது பிறந்தநாள். பலூன் வளைவு முதலில் வந்தது. அதன் பின்னால் கேக், வீடியோக்காரர், வீறிட்டு அழும் குழந்தை.

சிவபாலன் அண்ணையிடம் ஓடினேன்.

"அண்ணை, அவ இன்னும் வாசிக்கேல்லை."

"அடுத்தமுறை வாசிக்கலாம் தம்பி. இண்டைக்கு அறிமுகம்தானே முக்கியம்."

"அந்தக் கவிதைக்காகத்தான் பஸ் ஏறி வந்தவ."

"அப்ப ரெண்டு வடையைச் சுத்திக் குடும். போகேக்கை பசிக்கும்."

எங்கள் ஆட்கள் வடைப்பக்கம் போனார்கள். நான் நோராவின் கோட்டை எடுக்கப் போனேன். நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது அவர் ஒலிவாங்கியின் முன்னாலேயே நின்றார். பட்டுச் சேலைகளும் கோட் சூட்டுகளுமாகக் கூட்டம் வந்து உட்காருவதைப் பார்த்து, நான் சொன்ன முக்கால்வாசிப் பேர் இவர்கள்தான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அவர்களோ, பொன்னாடையோடு நின்ற வெள்ளைக்காரப் பெண்மணியைப் பார்த்து, பிறந்தநாளுக்கு ஏற்பாடு செய்த ஆள் என்று எடுத்துக்கொண்டார்கள். வீடியோக்காரர் லைட்டைப் போட்டார்.

நோரா வாசித்தார். தாழ்ந்த குரல். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. கவிதை முடிந்ததும் மறுபடி அழத் தொடங்கியது.

குழந்தையின் தாய் என்னிடம் வந்தார்.

"உவவை ஆர் புக் பண்ணினது? நான் பலூன் செய்யிற ஆள் எண்டெல்லோ நினைச்சன்."

நான் விளக்க முயன்றேன். கவிஞர், பஃபலோ, நூலகம்.

"உதெல்லாம் பிறகு சொல்லுங்கோ அண்ணா. முதல்ல உதை இன்னொருக்கா வாசிக்கச் சொல்லுங்கோ."

நோரா இன்னொருமுறை வாசித்தார். இம்முறை முன்வரிசையிலிருந்து ஒரு அன்ரி எழுந்து வந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

"இவர் போனாப்பிறகு எங்கடை வீட்டிலையும் உந்தச் சத்தம்தான். நான் ஃப்ரிட்ஜை நிப்பாட்டிப்போட்டுத்தான் படுக்கிறனான் எண்டு சொல்லும். காலமை பால் புளிச்சுப்போகும், பரவாயில்லை."

சொன்னேன். கவிதையில் கணவர் எந்த வரியிலும் வரவில்லை.

நோரா, தானும் அப்படித்தான் செய்வதாகவும், இப்போது பால் வாங்குவதையே விட்டுவிட்டதாகவும் அன்ரியிடம் சொல்லச் சொன்னார். அதையும் சொன்னேன். இரண்டு பேரும் கேக் வெட்டும்வரை கையை விடவில்லை.

அன்ரியின் தங்கை மகளுக்கு அடுத்த மாதம் விட்பியில் சாமத்திய வீடு, பூப்புனித நீராட்டு விழா. ஆரத்திக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் நோரா வாசிக்கிறார்.