இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளி

கோயிலில் யாருக்காவது அருள் வந்தால் அதை வீடியோ எடுத்து வைத்துப் பார்த்துச் சிரிக்கிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குக் கோலாலம்பூரில் இரண்டு நாள் தங்கச் சொல்லி, மகன் இரண்டு பெரிய ஹோட்டல்களைப் போனில் அனுப்பியிருந்தான். ஒன்று புதுசு, மொட்டை மாடியில் நீச்சல் குளம். இன்னொன்று அந்தக் காலத்து ஹோட்டல், பெயர்தான் பெரிசு. எந்த மடையனும் புதுசைத்தான் எடுப்பான். என் மனைவி சரசு பழையதுதான் வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் இதே சண்டை. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

கடைசியில், "நம்ம முனியாண்டிகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்ங்க" என்றாள்.

"ஹோட்டலுக்கா? முனியாண்டி என்னா டிராவல் ஏஜெண்டா லா?"

கேட்கிற ஆளா அவள்? சுங்கை லாலாங்கில் எங்கள் செம்பனைத் தோட்டத்துக் கோயிலுக்கு ஞாயிறு காலையில் இழுத்துக்கொண்டு போனாள். வெள்ளை அரளி வந்தால் என் ஹோட்டல், சிவப்பு வந்தால் அவளுடையது. இரண்டு பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டுகிற வேலை எனக்கு, ஒன்றை எடுக்கிற வேலை அவளுக்கு.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நான் தில்லுமுல்லு செய்தேன். கோயிலுக்குப் பின்னால் போய் இரண்டு வாழையிலைத் துண்டிலும் வெள்ளையையே வைத்து நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு, சிவப்பைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். எதை எடுத்தாலும் நீச்சல் குளம்தான்!

சரசு கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்தாள். நூலைப் பிரித்தாள்.

சிவப்பு.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். அவள் கோயிலைச் சுற்றப் போனதும் மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன், வெள்ளை. பைக்குள் கையை விட்டேன், நான் திணித்த சிவப்பு அரளி கசங்கிப்போய் அங்கேயே இருந்தது. அப்படியானால் அவள் கையில் இருந்தது எந்தப் பூ? யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் நான் செய்த திருட்டுத்தனத்தையும் அல்லவா சொல்ல வேண்டும்! எரிச்சல் எரிச்சலாக வந்தது. அங்கிருந்து நேரே கோலாலம்பூர் போகிற வரைக்கும் காடியை ஓட்டிக்கொண்டே அதை ஹாரனில்தான் காட்டினேன்.

அந்தப் பழைய ஹோட்டலில் மத்தியானம் மூன்று மணிக்கு ரூம் கொடுத்தார்கள். சரசு கட்டிலில் உட்காரவில்லை. குனிந்து விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"மூலைய சரியா மடிக்கல" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"கல்யாணத்துக்கு முன்ன ரெண்டு வருசம் இங்கதாங்க ரூம் கிளீன் பண்ணேன். எத்தன கட்டில் விரிச்சிருப்பேன், ஒன்னுலகூட உக்காந்ததில்ல."

"கே.எல்.ல ஃபேக்டரி வேலன்னு சொன்னியே?"

"ஹோட்டல்ல வேல செஞ்ச பொண்ணுன்னா உங்கம்மா வேணாம்னுருப்பாங்க. அப்புறம் சொல்லவே பயமாப் போச்சு."

இருபத்தைந்து வருசம்! பக்கத்திலேயே படுத்திருந்த எனக்கு இது தெரியாது. ஒரு வாரமாக அவளை என்னவெல்லாம் பேசியிருந்தேன்! "உக்காரு சரசு" என்று கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தேன். புதுப்பெண்ணைப் போல ஓரத்தில் உட்கார்ந்தாள்.

நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"உங்களுக்குப் புடிக்காட்டியும் பூவ நேர்மையா கட்டினீங்க பாருங்க, அதாங்க சாமி எனக்குக் குடுத்துச்சு."

இன்றைக்கு வரை அவளிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் என்ன முடிவென்றாலும், "அவரு கையால கட்டட்டும்" என்று என்னிடமே பூவை நீட்டுகிறாள். வாங்கிக்கொண்டு போய், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் நூலைக் கட்டுகிறேன்.