மார்க்கண்டு அண்ணை கட்டிப்போட்ட கால்

லாப் மார்க்கண்டு அண்ணை காலமாகிட்டாராம். காலமைதான் வாட்ஸ்அப்பில பார்த்தன்...

இனி மறைச்சு என்ன பயன். கம்பஸ் கடைசி வருசப் பரிசோதனையை நான் செய்து முடிச்சது, கதிரையோடை கட்டிவைக்கப்பட்ட நிலையிலதான்.

எண்பத்தாறு. யாழ்ப்பாணம். பௌதிகவியல் லாப். தண்ணித் தொட்டிக்குள்ள அல்ட்ராசவுண்ட் அனுப்பி, காதுக்குக் கேளாத அந்தச் சத்தத்தை லேசர் வெளிச்சத்தால பிடிச்சுக் காட்டோணும். வெள்ளிக்கிழமை புரொபெசர் சேர் வந்து பார்ப்பார். சிக்னல் இல்லையெண்டா எனக்கு இன்னொரு வருசம்.

சிக்னல் எங்க... ஒஸிலோஸ்கோப் திரையில வெறும் நொய்ஸ், இரைச்சல். கோடு உரு வந்த மாதிரி ஆடுது.

அண்ணைதான் எங்கடை லாப் டெக்னீசியன். கரும்பலகையில எதிரிகளின்ரை பட்டியல் போட்டார். மேல சுத்துற பான். ரியூப் லைற். பக்கத்து அரிசி மில். ஆமி ஹெலிகொப்டர்.

பானும் லைற்றும் நிப்பாட்டியாச்சு. மேசைக் காலுகளுக்குக் கீழ காத்தடிச்ச சைக்கிள் ரியூப் வைச்சார். மில்காரரிட்டைப் போய்க் கெஞ்சி, மில்லையும் நிப்பாட்டினார். ஹெலிக்கு நேரே மட்டும் "முருகன் பொறுப்பு" எண்டு எழுதினார்.

வெள்ளிக்கிழமையும் வந்திட்டுது. கோடு அடங்கேல்லை. எனக்கு வேர்த்து ஊத்துது.

அண்ணை மெதுவா என்ரை பக்கம் திரும்பினார். "ஐசே, உம்மடை காலைப் பாரும்."

பார்த்தன். மேசையோடை இடிச்சு இடிச்சு ஆடிக்கொண்டிருக்கு. அம்மா அகப்பைக் காம்பால அடிச்சும் நிக்காத பழக்கம்...

"நிப்பாட்டும்."

"ஏலாது அண்ணை. பயத்தில தானா ஆடுது."

"உம்மடை பயத்துக்கு நான் மருந்து வைச்சிருக்கிறன்."

மிச்சமிருந்த ரியூப்பால ரெண்டு காலையும் கதிரையோடை கட்டிப்போட்டு, மேசைக்குக் கீழால தவண்டு எழும்பி வந்தார். கோடு அப்பிடியே படுத்திட்டுது. நடுவில சின்னதா, வடிவா... சிக்னல்!

அந்த நேரம் பார்த்து சேர் உள்ள வாறார். "என்ன மார்க்கண்டு, பெடியனைக் கட்டிவைச்சிருக்கிறீர்?"

"நொய்ஸ் குறைச்சிருக்கிறன், சேர்."

சேர் சிரிக்கேல்லை. திரையைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போயிட்டார். என்னை அவிட்டுவிடச் சொல்லவுமில்லை.

அண்டையிலயிருந்து நான் கால் ஆட்டினதில்லை. கலியாண மணவறையில கூட.

போயிட்டு வாங்கோ அண்ணை. உங்கடை புண்ணியத்தில பாஸ் பண்ணினவன் நான்...

இந்தப் பதிவு போடமுதல் அண்ணையின்ரை மகளுக்கு அனுப்பிக் கேட்டன். கனடாவிலயிருந்து பதில்: "போடுங்கோ அங்கிள். ஆனா அண்டைக்கு மேசைக்குக் கீழ ஒரு வயர் லூசா இருந்ததாம். அப்பாதான் இறுக்க மறந்தவராம். உங்களைக் கட்டேக்கை அதையும் இறுக்கிப்போட்டு, ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லையாம்."