மரத்தில் கட்டிய டேப்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குச் சூட்டக்கா என்று பெயர். இஸ்திரி உருளையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளிவரும் படுக்கை விரிப்பை மற்றவர்கள் கையுறை போட்டுக்கொண்டு பிடிப்பார்கள். அவள் வெறுங்கையால் வாங்கி, நாலாக மடித்து அடுக்கிவிட்டு, அடுத்ததற்குக் கை நீட்டுவாள். அவள் கோபத்துக்கும் அந்தப் பெயர் நன்றாகவே பொருந்தியது. மேற்பார்வையாளர்கூட அவள் முகம் பார்த்துத்தான் வாய் திறப்பார்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸ் கையோடு கிடக்கிற மனுஷன், வருஷத்தில் ஒரு சனி ஞாயிறு மட்டும் ஆளே மாறிவிடுவான். காட்டு மண்பாதையில் நடக்கும் கார் ராலி அது. தம்பியையும் நாலைந்து நண்பர்களையும் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்புவான். ஞாயிறு சாயங்காலம் தலை முதல் கால் வரை புழுதியோடு, தொண்டை கட்டிப்போய், கல்யாணமாகி வந்தவன் மாதிரி சிரித்துக்கொண்டு திரும்புவான்.

"ஒரு கார் வருது, புழுதியக் கிளப்புது, போயிடுது. இதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று சட்டையை வாளியில் முக்கிக்கொண்டே கேட்பாள்.

"கூட வந்து பாரு, தெரியும்."

அவள் போனதே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் அங்கிருந்து திரும்பி வரவும் இல்லை. ஒரு வளைவில் சறுக்கி வந்த கார் அவனைத் தூக்கி அடித்துவிட்டது.

பார்வையாளர்கள் நிற்க எல்லை காட்டி டேப் கட்டியிருப்பார்கள். அதற்குப் பின்னால் ஒழுங்காக நின்றவன்மேல் டிரைவர் வண்டியை ஏற்றிவிட்டான் என்று கூட இருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். விசாரணையிலும் அதையேதான் சொன்னார்கள். பதினாறாம் நாளோ என்னவோ, அந்த டிரைவர் பையன் அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். அவள் கதவைத் திறக்கவில்லை. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அழுதான்.

"அம்மா, டேப்பு இருக்க வேண்டிய இடத்துல இல்லம்மா. முன்னால இருந்துச்சு. சத்தியமா சொல்றேன்."

"செத்துப் போனவர் மேலயே பழி போடுறியா? நீ நல்லா இருப்பியா? போடா இங்கேருந்து!"

தெருவே கேட்கும்படி கத்தினாள். அன்றைக்கு ஆரம்பித்த கோபம்தான் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது. காலையில் எழுந்திருக்க, மகளைப் படிக்க வைக்க, ராத்திரி தனியாகப் படுக்க, எல்லாவற்றுக்கும் அது துணை இருந்தது. புருஷன் இல்லாத குறையை அந்தப் பையன்மேல் இருந்த வெறுப்பை வைத்து நிரப்பிக்கொண்டாள் என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் உண்மை அதுதான்.

இந்த வருஷம் ராலி நெருங்கியபோது கொழுந்தனுடைய பேட்டரிக் கடைக்குப் போய் நின்றாள்.

"நானும் வரேன்."

கொழுந்தன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அங்க வந்து என்ன அண்ணி பண்ணப் போறீங்க?"

"அவர் எங்க விழுந்தார்னு பார்க்கணும். கண்ண மூடினா ஏதேதோ ரோடு வருது. எது நிஜம்னு தெரியல."

அதற்கு மேல் அவனால் மறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை வேறொரு மேட்டில் நின்றார்கள். தடித்த கண்ணாடி போட்டதால் சோடாபுட்டி என்று பெயர் வாங்கிய நண்பர், அவளுக்கு மடக்கு நாற்காலியைப் பிரித்துப் போட்டு, ஃப்ளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். முதலில் சத்தம் மட்டும்தான் வந்தது. மரங்களுக்கு அப்பால் எங்கேயோ ஒரு உறுமல் ஏறி இறங்கியது. பிறகு ஒரு கார் மேட்டில் ஏறி, நாலு சக்கரமும் மண்ணை விட்டுக் கிளம்பி, தொம்மென்று விழுந்து, பக்கவாட்டில் சறுக்கியபடியே திருப்பத்தில் மறைந்தது. கூழாங்கற்கள் மழையாகக் கொட்டின. அவள் தன்னையறியாமல் எழுந்து நின்றிருந்தாள். டீ புடவையெல்லாம் கொட்டியிருந்தது.

"அண்ணி, உட்காருங்க. இன்னும் நிறைய வரும்," என்றான் கொழுந்தன்.

அவள் உட்காரவில்லை. நாலாவது காருக்குக் கையைத் தட்டினாள். ஏழாவதற்குக் கத்தினாள். பிறகு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. கூப்பிட்டபோதெல்லாம் வந்திருக்கலாமே, ஒரு தடவையாவது பக்கத்தில் நின்றிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவுக்குப் போனார்கள். வலது பக்கம் சரிவு, இடது பக்கம் மரங்கள். மரங்களுக்குப் பின்னால் வரிசையாக நட்ட கம்பங்களில் சிவப்பும் வெள்ளையுமாக டேப் கட்டியிருந்தது. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒருவன் கழுத்தில் விசிலோடு கூட்டத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் திரும்பியதும், விசாரணையில் பார்த்த அந்த டிரைவர் பையனின் முகம் என்று தெரிந்து, அவளுக்கு உடம்பு பற்றிக்கொண்டு எரிந்தது.

"அவனேதான் அண்ணி," என்றான் கொழுந்தன். "வண்டி ஓட்டுறத அப்பவே விட்டுட்டான். வருஷா வருஷம் இந்த வளைவைத்தான் கேட்டு வாங்கிக்கிட்டுக் காவலுக்கு வந்து நிக்கிறான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வரானோ!"

"நம்மள ஓரமா நிக்கச் சொல்றவன் யாருன்னு பாருங்கய்யா!" என்று சோடாபுட்டி உரக்கச் சொன்னார். கூட்டம் சிரித்தது. பையன் தலை நிமிரவில்லை. அவளைப் பார்த்துவிட்டான் என்பது அவன் விசிலை இறுகப் பிடித்ததிலிருந்தே தெரிந்தது. நல்லா வேணும் என்று அவள் நினைத்தாள்.

பந்தயத்துக்கு முன்னால் பாதை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வண்டி கடந்து போனது. அதன் பிறகு பையன் வளைவின் அந்தக் கோடிக்கு, பாறைமேல் ஏறி நின்ற சிலரை இறக்கிவிடப் போனான். அவன் முதுகு மறைந்ததும் கொழுந்தன் சட்டென்று கம்பத்திலிருந்து டேப்பை அவிழ்த்தான். சோடாபுட்டி மறு முனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பேசாமல், வீட்டில் கட்டிலை நகர்த்துகிறவர்கள் போல நிதானமாக, அதைப் பாதையோரத்து மரத்துக்குக் கொண்டுபோனார்கள். கூட்டமும் கூடவே முன்னால் நகர்ந்தது.

"என்ன பண்றீங்க?" என்றாள்.

"இங்க வாங்க அண்ணி. அண்ணன் கண்டுபிடிச்ச இடம் இது. இந்த மரத்துல கட்டினாத்தான் பின்சக்கரம் சறுக்குறது முழுசாத் தெரியும். வருஷா வருஷம் இங்கதான். அவன் வந்து கத்தினாலும் யாரும் கேக்க மாட்டாங்க."

அவன் முகத்தில் பெருமை இருந்தது. அண்ணன் வாங்கிய வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவன் மாதிரி சொன்னான்.

அவள் மரத்தைப் பார்த்தாள். கம்பம் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். நடுவில் ஒரு கார் தாராளமாகப் புரளலாம்.

"அன்னைக்கும் இந்த மரத்துலதான் கட்டினீங்களா?"

முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லுடா."

"அண்ணன்தான் கட்டச் சொன்னாரு," என்றான் கொழுந்தன். "கட்டினது நான்."

"தெரிஞ்சும் இன்னும் கட்டுறியேடா! வயித்துல என்ன இருக்கு உனக்கு?"

அவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு குந்தினான். "கட்டாம விட்டா, அன்னைக்குக் கட்டினது தப்புன்னு ஆயிடும்ல அண்ணி? அப்புறம் நான் எப்படி இருக்கிறது?"

அறையலாம் என்று கை எழுந்தது. பிறகு அவளுக்கே தெரியாமல் தாழ்ந்துவிட்டது. இந்த மூன்று வருஷமும் தானும் அதைத்தானே செய்தாள். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த வார்த்தை காதில் விழாமல் இல்லை. விழுந்தது. அதை உள்ளே விட்டால் புருஷன்மேல் கோபப்பட வேண்டியிருக்கும் என்றுதான் பையனைத் திட்டினாள். இப்போது அந்தக் கோபம் வந்தது. ஏன்யா முன்னால போய் நின்னே, எங்களை நினைக்கலையா என்று மனசுக்குள் அவனைப் பிடித்து உலுக்கினாள். பதில் சொல்ல அவன் இல்லை என்பது அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. வாய்விட்டு அழுதாள்.

அழுகையோடே முடிச்சை அவிழ்த்தாள். டேப்பை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். "என்னம்மா இது, அங்கேருந்து என்ன தெரியும்?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அத்தனை பேரும் பின்னால் வந்துவிட்டார்கள். கொழுந்தனும் எழுந்து வந்து மறு முனையைக் கம்பத்தில் கட்டினான்.

பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். டேப் அதன் இடத்தில் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றான்.

"தம்பி," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "நீ வாசல்ல நின்னு சொன்னது நிஜம். என் வீட்டுக்காரர் எல்லையத் தாண்டித்தான் நின்னிருக்கார். எனக்கு அன்னைக்கே கேட்டுச்சுப்பா. நான்தான் நம்ப மாட்டேன்னு இருந்துட்டேன். இனிமே யார் கேட்டாலும் இதை நானே சொல்றேன்."

அவன் வாயில் வைத்த விசிலை எடுத்தான்.

"யாராவது ஒருத்தர் சொல்லிட மாட்டாங்களான்னுதாம்மா வருஷா வருஷம் இங்க வந்து நிக்கிறேன்."

தூரத்தில் முதல் காரின் சத்தம் ஏறியது. அவள் கொஞ்சம் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். அவன் டேப்பைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டான்.