கால் அங்குலம் நீண்ட நாண்

என் மனைவியைப் பார்த்து எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரன் புதுக் கார் வாங்கினான், வயிறு எரிகிறது என்றால் கேட்பவர்கள் சிரித்துக்கொண்டே ஆமாம் போடுவார்கள். கட்டிய மனைவி தன்னைவிட நன்றாக அம்பு எய்கிறாள் என்று ஒருவன் புழுங்கினால் அவனை என்னவென்று சொல்வது? நான் அந்த ஆள்தான்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். முனைகளில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில் எங்கள் வீட்டுக்குள் வந்தது என்னால்தான். அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒருவர் விற்ற பழைய வில்லை வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பழகினேன். மோகனூர் சாலையில் கோழி இல்லாமல் காலியாகக் கிடந்த ஒரு பண்ணையின் நீண்ட வெளிதான் எங்கள் மைதானம். பத்துப் பேர் கூடுவோம். சேலத்தில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு வாரம்கூடத் தவறாமல் வருவார். "ஊட்டுல தனியா உக்காந்து என்ன பண்றது, நானும் வாரேனுங்க" என்று ஒரு ஞாயிறு என் மனைவியும் கிளம்பினாள். முதல் மாதம் அம்பு பொறுக்கிக் கொடுத்தாள். அடுத்த மாதம் எய்தாள். இரண்டாம் வருடம் அவளுக்கென்று தனி வில் வந்துவிட்டது, நான் அவளுக்குப் பின்னால் போய்விட்டேன்.

ஆரம்பத்தில் சாக்குகள் இருந்தன. எனக்கு மட்டும் காற்று அடித்தது. எனக்கு மட்டும் வெயில் கண்ணில் பட்டது. அவளுடைய அம்புகள் மஞ்சள் வட்டத்துக்குள் ஒன்றோடொன்று உரசி 'டக்' என்று சத்தம் வரும்போது மற்றவர்கள் கை தட்டுவார்கள், நான் குனிந்து ஷூவுக்குள் கல் தேடுவேன். அவள் எய்த பலகையைப் படம் பிடித்து யாராவது வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, பட்டறைக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஓர் அம்பாவது கோட்டுக்கு வெளியே போயிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் என்னிடம், "நீங்க அக்காவோட வீட்டுக்காரருங்களா?" என்று கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் மாவட்டத் தேர்வு வந்தது. மாநிலப் போட்டிக்குப் போகப் பெண்கள் காம்பவுண்ட் பிரிவில் ஒரே ஓர் இடம். அந்த இடம் அவளுக்குத்தான் என்று மைதானத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளும் வாய் விட்டுச் சொல்லாமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்ததும் நாள்காட்டியைப் பார்ப்பாள். ஆண்கள் பிரிவில் நானும் பேர் கொடுத்திருந்தேன்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் அவள் வில்லின் நாண் மயிர் விட ஆரம்பித்தது. இந்த வில்லின் இரண்டு முனையிலும் சக்கரம் மாதிரி ஒரு கேம் உண்டு. நாண் அதில் ஏறி இறங்கும் இடத்தில் சுற்றியிருந்த நூல் பிரிந்துவிட்டது. கோயமுத்தூரில் ஒருவர் கேட்ட அளவில், கேட்ட நிறத்தில் நாண் கட்டி அனுப்புகிறார் என்று பாய் நம்பர் கொடுத்தார். நிறங்களின் பட்டியல் போனில் வந்தது. இரண்டு நிறம் எடுக்கலாம். நான் கருப்பு என்றேன், அழுக்கு தெரியாது.

"கருப்பெல்லாம் லாரி சேசிஸுக்கு அடிக்கறதுங்க. எனக்கு எதுக்கு?" என்றாள். அரக்கையும் மாம்பழ மஞ்சளையும் ஒரே நொடியில் தொட்டாள். மேலே சுற்றும் நூலுக்கு மட்டும் கருப்பு. "உங்களுக்காக இது இருக்கட்டுமுங்க" என்று சிரித்தாள். எனக்கு அந்த நிறங்கள் மீதும் பொறாமை வந்தது. அவ்வளவு சுலபமாக எனக்கு எதையும் தேர்ந்தெடுக்கத் தெரியாது.

கோயமுத்தூர்க்காரர் போனில் ஒன்றுதான் கேட்டார். "வில்லு மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமுங்க. அதுல ஸ்ட்ரிங் நீளம் போட்டிருப்பாங்க. அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

இங்கேதான் என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. பாடி கட்டுகிறவன் காகிதத்தை நம்ப மாட்டான். ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த நாள் பட்டறைக்கு வந்த இரண்டு சேசிஸ் விரற்கடை வித்தியாசத்தில் நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நாங்கள் எதிரில் நிற்கும் இரும்பின் மேல் டேப்பை வைத்துத்தான் எதையும் வெட்டுவோம். அதே மாதிரி பழைய நாணைக் கழற்றிப் பட்டறை உத்தரத்தில் மாட்டி, கீழே மக்காச்சோள மூட்டையைத் தொங்கவிட்டு, விறைப்பாக நின்ற நாணை அளந்தேன். அவள் தீவன ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாற்பத்தைந்து கிலோவைச் சரியாக நிறுத்து அந்த மூட்டையைக் கட்டித் தந்தவளும் அவள்தான். டேப் ஸ்டிக்கரைவிடக் கால் அங்குலம் அதிகம் காட்டியது. ஸ்டிக்கர்தான் தப்பு என்று முடிவு கட்டி டேப் அளவைச் சொல்லிவிட்டேன். இத்தனை நாள் இழுபட்ட நாண் நீண்டு போயிருக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இதுவரைக்கும் என் மனதில் கள்ளம் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பார்சல் வந்தது. லாரிச் சட்டத்துக்கு வாங்கிய சேனல் இரும்பையும் ஒரு பழைய ஸ்க்ரூ ஜாக்கியையும் வைத்து வில்லை அமுக்கும் பிரஸ் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். அதில் வில்லை ஏற்றித் திருகினால் வில்லின் கைகள் வளையும், நாண் தொளதொளவென்று ஆகும். அளந்த பின் திரும்ப மாட்டியிருந்த பழையதைக் கழற்றிப் புதியதன் கண்ணிகளைக் கேமின் முளைகளில் மாட்டினேன். குறி பார்க்கும் சின்ன வளையத்தை நாணின் இழைகளுக்கு நடுவே செருகி நூலால் கட்டினேன். ஜாக்கியைத் தளர்த்தினேன். கேமில் ஒரு கோடு இருக்கும், அது நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கோடு அந்த இடத்தைத் தாண்டி நின்றது.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நாண் நீளம். நான்தான் தப்பாக அளந்திருக்கிறேன். மறுபடி பிரஸ்ஸில் ஏற்றி நாணைப் பத்துப் பன்னிரண்டு சுற்று முறுக்கினால் போதும், சுருங்கி அளவுக்கு வந்துவிடும். 'தப்பா அளந்துட்டேன் புள்ள' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். சொல்லாமல் வில்லை நீட்டினேன்.

அவள் வில்லை வாங்கி இழுத்துப் பார்த்தாள். "ஏனுங்க, கொஞ்சம் நீளமா வருதுங்களே. ஸ்ட்ரிங் மூக்குல படற இடம் மாறுதுங்க."

"புது ஸ்ட்ரிங் அப்பிடித்தான் புள்ள இருக்கும். எய்ய எய்யப் பழகிக்கும்."

எய்ய எய்ய நாண் நீளுமே தவிரச் சுருங்காது. அது எனக்குத் தெரியும். அவளுக்கு என்னைத்தான் தெரியும், நம்பித் தலையை ஆட்டினாள்.

அதற்கப்புறம் அவள் நாணுக்குத் தகுந்த மாதிரி தன்னை வளைக்க ஆரம்பித்தாள். தலையைப் பின்னால் தள்ளினாள், முழங்கையை மடக்கினாள், தோளை ஏற்றினாள். அம்புகள் மஞ்சளை விட்டுச் சிவப்புக்குப் போயின, நீலத்துக்கும் போயின. அந்த ஞாயிறு ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் நான் அவளை முந்தினேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. பத்துப் பேருக்கும் நானே டீ வாங்கினேன். வரும் வழியில் வண்டியை நிறுத்தி அவளுக்குப் பூ வாங்கினேன். "தோளைத் தளர்த்து புள்ள, அவசரப்படாதே" என்று நான் அவளுக்கு யோசனை வேறு சொன்னேன். ஆறுதல் சொல்வதில் இத்தனை சுகம் இருக்கிறது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. அவள் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று வெறுங்கையால் வில் இழுத்துத் தன் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கண்டும் காணாமல் போவேன்.

பாய்க்கு மட்டும் சந்தேகம் வந்தது. "தங்கச்சி தலையைப் பின்னாடி தள்ளி நிக்கிறாங்களே மாப்ள. ஸ்ட்ரிங் அளவைப் பார்த்தியா?"

"பார்த்தாச்சு பாய். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலம், அடுப்படியில் நின்று தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "இந்த வாட்டி தேர்வுல இருந்து என் பேரை எடுத்துரலாமுங்க. நீங்க மட்டும் போய் எய்யுங்க."

"சரி புள்ள. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றேன்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் அது என் வாயிலிருந்து வந்துவிட்டது. ரெடியாக நாக்கு நுனியில் வைத்திருந்த மாதிரி. உள்ளே ஒரு சந்தோஷம் துள்ளியதை நான் மறைக்கப்போவதில்லை. அவள் திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு இன்னொரு தோசையைத் தட்டில் போட்டாள். அந்தத் தோசையைப் பிட்டு வாயில் வைத்தபோதுதான் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. இவள் இப்படிச் சொல்ல வேண்டுமென்று நான் எத்தனை நாளாகக் காத்திருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். எண்ணிப் பார்க்கத் துணிச்சல் இல்லை.

சனிக்கிழமை அவள் ஆலைக்குப் போன பிறகு அவள் வில்லைப் பிரஸ்ஸில் ஏற்றினேன். குறி வளையம் இடம் மாறாதபடி நாணை மேலே ஆறு சுற்று, கீழே ஆறு சுற்று முறுக்கினேன். ஜாக்கியைத் தளர்த்தினேன். கோடு வந்து தன் இடத்தில் நின்றது. இரண்டு வாரமாகச் செய்யாத வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது.

சாயங்காலம் அவள் வந்ததும், "சும்மா ஒரு தரம் எய்து பாரு. பேரை எடுக்கறதை நாளைக்குக்கூடச் சொல்லிக்கலாம்" என்றேன். பட்டறைக்குப் பின்னால் சின்னத் தூரத்தில் பலகை வைத்துக் கொடுத்தேன். இழுத்தாள். இழுத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். ஆறு அம்பும் உள்ளங்கை அகலத்துக்குள் போய் நின்றன.

"பழகிருச்சுங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் அம்புகளைப் பிடுங்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காற்றே இல்லை. முதல் சுற்றில் கொஞ்சம் தடுமாறினாள். அவள் உடம்பு இன்னும் நீண்ட நாணையே தேடியது. அப்புறம் தலை நிமிர்ந்தது, தோள் இறங்கியது. மத்தியானம் அவள் பெயரைப் படித்தார்கள். ஆண்கள் பிரிவில் என் பெயர் இல்லை. கை தட்டுகிறவர்களோடு சேர்ந்து நானும் தட்டினேன், தட்டும்போதே வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் மறுபடி கிளம்பியது. நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அவளைச் சுற்றி நின்றவர்களிடம் அவள் சொன்னாள். "எங்க ஊட்டுக்காரர் அப்பவே சொன்னாருங்க, எய்ய எய்யப் பழகிக்கும்னு. நான்தான் பயந்துட்டேன்."

பாய் என்னைப் பார்த்தார். நாண் சுருங்காது என்று தெரிந்த ஆள் அவர். "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வில்லைப் பெட்டியில் வைத்து மூடினார். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் சொன்னேன். "அது பழகலை புள்ள. நேத்து நான்தான் முறுக்கு ஏத்தினேன். அளந்ததே தப்பு."

"எப்பத் தெரியுமுங்க?"

"மாட்டின அன்னைக்கே."

வில் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். பெட்டியின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தாள். ஒரு முட்டை லாரி எங்களைத் தாண்டிப் போனது, அதன் பாடி நான் கட்டியது.

"அந்த ரெண்டு வாரமும் ஊட்டுல சிரிச்சுப் பேசிட்டு இருந்தீங்க" என்றாள். "பூவெல்லாம் வாங்கியாந்தீங்க. நான் நல்லா எய்யறப்ப நீங்க அப்பிடி இருந்ததே இல்லைங்க."

முன்னால் போன அந்த லாரி வேகம் குறைத்தது, நானும் பிரேக்கை மிதித்தேன்.

"அந்தச் சிரிப்புக்காகத்தானுங்க பேரை எடுத்துரலாம்னேன். அம்பு சரியா போகலைன்னு இல்லீங்க. நீங்க எடுக்க வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள சரின்னுட்டீங்க."