"ஒழுங்கா புடிக்கா!"

நான்கு வருடங்களுக்கு முன்பு திண்டிவனத்தில் ஒரு பெண்கள் கபடிப் போட்டி. நான் அப்போது விழுப்புரத்தில் கல்லூரிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் அணியில் இடது ஓரத்தில் நின்று, கபடி பாடி வருகிறவர்களின் காலைப் பிடிப்பது என் வேலை. எதிரணியில் மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். உள்ளே வந்தால் யாரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். அடுத்த மாதம் மாநில அணித் தேர்வுக்குப் போகவிருந்தவள்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம்தான் இருந்தது. அவள் இடது காலை நீட்டினாள். நான் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தேன். அவள் உடம்பைத் திருப்பவும், எங்கள் ஆள் ஒருத்தி அவள்மேல் விழவும் சரியாக இருந்தது. 'டக்'கென்று ஒரு சத்தம். மற்றவர்களுக்குக் கேட்டதோ இல்லையோ, என் கைக்குத் தெரிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் விதிப்படிதான் பிடித்தேன் என்று நடுவர் எங்களுக்குப் புள்ளி கொடுத்தார். அந்த ஒரு புள்ளியில்தான் ஜெயித்தோம்.

முட்டிக்குள் ஜவ்வு கிழிந்துவிட்டது, புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறினேன். குப்பத்து முனையில் ஒரு பெண்மணி, "நேரா போம்மா, ரெண்டாவது தெரு" என்று வழிகூடச் சொன்னார். ஆனால் கால் நகரவில்லை. அவள் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? ஆப்பிள் பையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் ஆட்டமும் மாறிவிட்டது. யார் காலையும் அழுத்திப் பிடிக்கக் கை வரவில்லை.

ஒரு வருடம் கழித்து, காணும் பொங்கலன்று முகையூர் பக்கம் ஒரு கிராமத்தில் போட்டி. செம்மண் தரை, சுற்றிலும் கயிறு, நல்ல கூட்டம். எதிர்ப்பக்கம் பார்த்தால் அவள்! இடது முட்டியில் கறுப்புப் பட்டை. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் இறங்கும் முதல் போட்டி அது என்றார்கள். கயிற்றை ஒட்டி அவள் அம்மா, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி நின்றிருந்தார்.

முதல் பாதியில் மூன்று முறை என் பக்கம் வந்தாள். மூன்று முறையும் நான் பிடிப்பதுபோல் குனிந்து விட்டுவிட்டேன். எங்கள் கோச் வெளியிலிருந்து கத்தித் தீர்த்தார்.

இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என்னிடம் அவளே நேராக வந்தாள்.

"இன்னாக்கா, என்னைக் கண்டா நவுந்துக்கினே போற?"

"இல்லம்மா... மறுபடியும் கால்ல எதுனா பட்டுடுமோன்னு..."

"டாக்டரு ஆடலாம்னு சொல்லிட்டாருக்கா. ஒரு வருஷமா எதுக்கு உசுர வுட்டுக்கினு இருந்தேன்? நீ பாவம் பாத்துக் குடுக்குற பாயிண்ட்ட வாங்கிக்கினு போறதுக்கா? ஒழுங்கா புடிக்கா. நீ புடிச்சாதான் எனக்கே தெரியும், இந்தக் கால நம்பலாமான்னு."

தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் களத்துக்கு நடந்தேன்.

இரண்டாம் பாதியில் இரண்டாவது முறை பாடி வந்தபோதே என் முன்னால் வந்து நின்றாள். ஆபரேஷன் செய்த இடது காலையே நீட்டினாள். ஒரு கணம் தயங்கினேன். பிறகு பாய்ந்து, இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். அவள் திமிறினாள். எங்கள் ஆட்கள் வந்து விழுந்தார்கள். எல்லோரும் சேர்ந்து புழுதியில் புரண்டோம். நடுவர் விசில் ஊதினார். நாங்கள் எழுந்துவிட்டோம். அவள் எழவில்லை.

அவள் அம்மா கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். அவள் படுத்தபடியே முட்டியை மெதுவாக மடக்கினாள், நீட்டினாள், மறுபடியும் மடக்கினாள். பிறகு கையை உயர்த்தி, "யம்மா, ஒண்ணுமில்ல. அங்கியே நில்லு" என்றாள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே நடந்தாள். எதிரணிக்குப் போன புள்ளிக்கு அப்படிச் சிரித்தவளை நான் பார்த்ததில்லை.

திரும்ப உள்ளே வந்தவள் சும்மா இருக்கவில்லை. அடுத்த முறை நான் பிடித்தபோது என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டாள். அன்று எங்கள் அணிதான் ஜெயித்தது. ஆனால் கைத்தட்டல் அவளுக்குத்தான்.

ஆட்டம் முடிந்து வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, தின்றுகொண்டே பேசினோம். முட்டியை மடக்கவே இரண்டு மாதம் அழுதாளாம். பழைய சாக்குத் துணியில் அம்மா தைத்துக் கொடுத்த பையில் மணல் நிரப்பிக் காலில் கட்டித் தூக்கிப் பழகினாளாம். பிறகு தினமும் ஈர மணலில் நடை, அப்புறம் ஓட்டம். "அத வுடு, பஸ்ஸுல இருந்து எறங்கும்போது எந்தக் கால மொதல்ல வெக்கிறதுன்னு பயந்துக்கினே நிப்பேன்" என்றாள். நான் குப்பம்வரை வந்து திரும்பியதைச் சொன்னேன்.

"வந்திருந்தா எங்கம்மா நல்லா திட்டியிருக்கும். அப்புறம் சோறு போட்டிருக்கும்" என்று சிரித்தாள். பக்கத்தில் நின்ற அவள் அம்மா மறுக்கவில்லை.

மறு வருடம் அவள் தேர்வுக்குப் போனாள், அணியிலும் இடம் கிடைத்தது. இப்போதும் ஆடுகிறாள். நான் ஆட்டத்தை விட்டு ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நீண்ட நாள் நோயில் கிடந்து வேலைக்குத் திரும்பும் யாரையாவது பார்த்தால், உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லத்தான் முதலில் தோன்றுகிறது. உடனே புழுதியில் படுத்தபடி முட்டியை மடக்கிப் பார்த்த அந்தப் பெண் நினைவுக்கு வருகிறாள். அவர்களுடைய வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுகிறேன்.