அம்பாசடருக்குள் எழுபத்தொரு டிகிரி

பகல் ஒரு மணிக்கு மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, அம்சவல்லி கம்பெனியின் பழைய அம்பாசடரில் ஏறி நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டுக்கொள்கிறார். கார் காலையிலிருந்து வெயிலில் நிற்கிறது. நிழலில் நிறுத்தக் கூடாதென்று வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறார். டாஷ்போர்டின் மேல் பொருத்திய வயர்லெஸ் செட்டை ஒட்டி ஒரு தெர்மாமீட்டர். பத்து நிமிடம். பிறகு ரவிக்கை முதுகோடு ஒட்ட இறங்கி வந்து நோட்டில் ஓர் எண்ணை எழுதுகிறார். "எழுபத்தொன்னு," என்கிறார், யாரையும் பார்க்காமல். "அங்க இன்னாடான்னா அம்பத்தஞ்சுன்றான்."

மண்ணூரில் போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் வயர்லெஸ் செட் செய்யும் சின்னத் தொழிற்சாலை அது. அம்சவல்லிக்கு முப்பத்தெட்டு வயது. பென்னலூரில் நெல்லும் வேர்க்கடலையும் போடும் குடும்பத்திலிருந்து டிப்ளமோ படித்து வந்து, பதினாறு வருடமாக டெஸ்ட் ரூமைப் பார்த்துக்கொள்கிறார். தேங்காய் வாங்குகிறவர் போலச் செட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். சாலிடர் ஒட்டாவிட்டாலும், ஃபேன் நின்றாலும், பஸ் வராவிட்டாலும் ஒரே வாக்கியம்தான்: "இவங்களோட என்னால ஆவாதுப்பா." சொல்லிவிட்டு அந்த வேலையை அவரே செய்துவிடுவார். பஸ்ஸை மட்டும் அவரால் ஓட்ட முடிவதில்லை.

அம்பாசடர் பழக்கம் போன வருடம், தொண்ணூறு மே மாதத்தில் வந்தது. தாண்டவராயன் என்ற ஆம்புலன்ஸ் டிரைவர், செட்டில் வந்த அழைப்புக்குப் பதில் சொல்லவில்லை என்று வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். அன்றைக்குக் குன்றத்தூர் மலையடியில் மயங்கி விழுந்த ஒருவரை மாட்டுவண்டியில் ஏற்றிப் போக வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தது தெய்வச் செயல். செட் சோதனைக்கு வந்தது. அம்சவல்லி அதைச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்து, விதியில் உள்ளபடி ஐம்பத்தைந்து டிகிரி வரை ஏற்றினார். கணீரென்று பேசியது. 'செட்டில் குறை இல்லை' என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் தாண்டவராயன் கேட்டில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"நல்லா கீதுன்னு நீங்கதானேம்மா எழுதிக் குடுத்தீங்க? என் வண்டில குந்தி பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அன்று மதியமே அம்பாசடரில் வைத்துப் பார்த்தார். எட்டாவது நிமிடம் செட் ஊமையாயிற்று. வெளியே எடுத்து வந்து கால் மணி நேரம் நிழலில் வைத்ததும் ஒன்றுமே நடக்காதது போலப் பேசியது.

மேனேஜர் இராமச்சந்திரனிடம் போனார். நல்ல மனிதர், காகிதத்துக்கு மட்டும் பயந்தவர். "ரூல்படி பாஸ் ஆயிடுச்சும்மா. நம்ம செட்டு சரியில்லன்னு நாமளே எழுதினா ஆர்டர் போயிடும்." கம்பெனித் தாள் கிடைக்காததால் அம்சவல்லி வெள்ளைத் தாளில் தன் பெயரில் ஆம்புலன்ஸ் ஆபீஸுக்கு எழுதி அனுப்பினார்: விதிப்படிதான் சோதித்தேன், அந்த விதி போதாது. ஆறு வாரம் கழித்துத் தாண்டவராயனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. வண்டியில் அதே செட்தான்.

இந்த வருடம் ஜனவரியில் டெல்லியிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. எந்த நாட்டிலும் கையிலோ காரிலோ வைத்துப் பேசக்கூடிய செட்டுகளுக்கு உலகம் முழுக்க ஒரே தரவிதி எழுத, வெளிநாட்டில் ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது. அதன் வரைவு அது. கருத்துச் சொல்லலாம். கருத்துக்கான கடைசித் தேதி முடிந்து ஒன்பது நாளாகியிருந்தது. அம்சவல்லி நூற்று நாற்பது பக்கத்தையும் படித்தார். வெப்பநிலை: ஐம்பத்தைந்து.

"இத எழுதினவன் ஒரு தபா ஸ்ரீபெரும்புதூர் ஹைரோட்டுல வண்டிய நிறுத்திட்டு டீ குடிச்சிருந்தா தெரியும்," என்றார்.

டெல்லிக்கு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. மூன்றாவது கடிதத்துக்கு, அளவை ஓர் அதிகாரி நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும் என்றார்கள். விவரம் கேட்க மண்ணூரில் லைன் கிடைக்காமல், ஸ்ரீபெரும்புதூர் எஸ்.டி.டி. பூத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றார். "உலகமே பேசிக்க வழி பண்றாங்களாம். எனக்கு டெல்லி கெடைக்கல."

ஜூன் முதல் வாரம் பாண்டுரங்கன் என்ற அதிகாரி வந்தார். மயிலாப்பூரில் பிறந்தவர், இருபது வருடமாக டெல்லி வாசம். முழுக்கைச் சட்டை, டை. நோட்டைப் புரட்டிவிட்டுக் கையெழுத்துக்குப் பேனாவை எடுத்தார். அம்சவல்லி நோட்டை மூடினார்.

"நானும் போன வருஷம் இப்டிதான் சார் கையெழுத்து போட்டேன். வாங்க, வண்டில குந்தலாம்."

பாண்டுரங்கன் டையைத் தளர்த்திக்கொண்டு ஏறினார். ஐந்தாவது நிமிடம் அவர் கைக்குட்டை சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. மைக்கில் டெஸ்ட் ரூமைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கச் சொன்னார் அம்சவல்லி. கூப்பிட்டார், பதில் வந்தது. ஒன்பதாவது நிமிடம் வரவில்லை. பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"ஏம்மா, உள்ள இருந்தவர் எழுந்து போயிட்டாரா?"

"இல்ல சார். டிரைவரையும் இப்டிதான் கேட்டாங்க."

அவர் உடனே கதவைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் அந்த ஊமைச் செட்டின் முன் உட்கார்ந்திருந்தார். இறங்கியதும் சான்றிதழை இரண்டு பக்கத்துக்குத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

திருத்திய வரைவு இந்த டிசம்பரில் வந்தது. இராமச்சந்திரன் அதை இனிப்புப் பெட்டி போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு டெஸ்ட் ரூமுக்கு வந்தார். "நம்ம மேட்டர் ஏறிடுச்சும்மா. மண்ணூர்ல எடுத்த அளவு, உலக ரூல்ல."

அம்சவல்லி பக்கத்தைத் தேடிப் பிடித்தார். அட்டவணையில் இன்னும் ஐம்பத்தைந்துதான். அதன் தலையில் சின்ன நட்சத்திரம். பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி: வெப்ப நாடுகளில் எழுபத்தைந்து டிகிரி வரை சோதிக்கலாம்.

"சோதிக்க'லாம்'னா இன்னா சார் அர்த்தம்? இஷ்டமிருந்தா செய்யி, இல்லாட்டி வுடு. எந்தக் கம்பெனிக்காரன் செய்வான்? நம்மளே செய்வமா?"

இராமச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்ளோ தூரம் வந்ததே பெருசும்மா."

ஆங்கிலத்தில் அந்த 'லாமு'க்கு மூன்றே எழுத்து, 'may'. அம்சவல்லி சிவப்புப் பென்சிலால் அதைக் குறுக்கே அடித்தார். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, மேலே 'வேண்டும்' என்று தமிழில் எழுதினார். பிறகு டைப்ரைட்டரின் உறையை உருவிப் போட்டுவிட்டு, மூன்று தாளுக்கு நடுவே இரண்டு கார்பனை வைத்து உள்ளே உருட்டினார்.