எக்கோ இல்லாத தங்கராசு

தங்கராசு செத்த செய்தி அவருடைய ஒலிபெருக்கியிலேயே வந்தது. எக்கோ பெட்டியையும் போட்டுத்தான் சொன்னார்கள். "மைக்செட் தங்கராசு... ராசு... ராசு..." என்று கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டம் முழுக்கக் கேட்டது. ஒரு தடவை செத்தால் போதாதா இந்த மனுஷனுக்கு என்றுதான் எனக்குத் தோன்றியது.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, தோட்டச் சங்கத்தார் எழுதிக்கொள்கிறார்கள். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்டார்கள். அவரை அறிந்த உங்களிடம் நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

வீடு தேடி வந்து டேப்பில் குரல் பதிந்து தருவார். மைக்கில் விழும் சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கி டேப்புக்கு அனுப்ப ஒரு பெட்டி வேண்டும். அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று பேட்டரியில் ஓடும் சாம்பல் பெட்டி. சத்தம் கூட்டிக் குறைக்க ஒரே திருகு, பேசியது பேசியபடி விழும். மற்றது கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கியது; பளபளப்பு, முகமெல்லாம் திருகு. ஜெனரேட்டர் கரண்டில் வண்டு மாதிரி இரையும். அந்த இரைச்சலை மறைக்க எக்கோ பெட்டி. "திருகு எதுல ஜாஸ்தியோ அதுதாண்ணே படா மால், பெரிய சரக்கு" என்பார். காதால் கேட்டு அவர் ஒரு சாமான் வாங்கியதாக நான் அறியேன். மாரியம்மன் திருவிழாவில் பூசாரி தும்மினால் அம்மனே நாலு முறை தும்மின மாதிரி இருக்கும். அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

என் மனைவி மாரியாயிக்கு ஒரே அக்கா. நாங்கள் இலங்கையிலிருந்து இங்கே கப்பலேறியபோது அவள் அங்கே தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். இருவருக்கும் எழுத்து இல்லை. பாஸ்போர்ட் விஷயமாக இங்கிருந்து ஒருவர் அங்கே போனபோது, டேப்பில் பேசி அனுப்ப மாரியாயி ஆசைப்பட்டாள்.

நான் சாம்பல் பெட்டியைக் காட்டி, "இது போதுமேப்பா" என்றேன்.

"வெறும் ஆவாஸை, வெறுங்குரலை எவன்ணே கேப்பான்? அண்ணி பேசுனா தோட்டமே அதிரணும்" என்றார்.

அதிரத்தான் செய்தது. அங்கே கணக்கப்பிள்ளை வீட்டு டேப்பில் "அக்கா... அக்கா... அக்கா..." என்று கேட்டதும் அக்காக்காரி அலறினாளாம். நாடகத்தில் செத்தவர்கள்தானே அப்படிப் பேசுவார்கள்? தங்கச்சி ஆவி வந்து கூப்பிடுகிறது என்று தலைமுழுகி, விளக்கேற்றிப் படையலும் போட்டுவிட்டாள். டேப் கொண்டுபோனவர் எவ்வளவு சொல்லியும், இரக்கப்பட்டு மறைக்கிறார் என்றே நினைத்தாள்.

அவர் திரும்பி வந்து சொன்ன இதைத் தங்கராசுவிடம் சொன்னேன். முகம் மலர்ந்தது. "அப்போ எபெக்ட் நல்லா எடுபட்டிருக்குண்ணே."

உள்ளிருந்து மாரியாயி வந்தாள். "நான் செத்தது உனக்கு எபெக்டா தம்பி? அந்தச் சாம்பல் பெட்டியை எடுத்துட்டு வா."

மறுபடி பதிந்தது எங்கள் அடுப்படியில். "அக்கா, நாந்தான். கஞ்சி பொங்குது, கேளு. சேவல் கூவுது, கேளு. பேய் கஞ்சி காய்ச்சுமா?"

தங்கராசு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தச் சாதா வேலைக்கு எம் பேரைச் சொல்லிடாதீங்க அண்ணி."

அவள் மைக்கை அவர் வாயருகே நீட்டினாள். "நீயே சொல்லு."

எக்கோ இல்லாமல் அன்றுதான் அவர் குரலைக் கேட்டேன். கோழிக்குஞ்சு மாதிரி மெலிந்து நடுங்கியது. "அக்கா, அண்ணி உசுரோடதான் இருக்காங்க. தப்பு என் பெட்டி மேல. நான் தங்கராசு." அப்போதும் பழியைப் பெட்டிமேல்தான் போட்டார்.

அந்த டேப்பும் போய்ச் சேர்ந்தது. பிறகு வந்த கப்பலில் அக்காவே வந்து இறங்கினாள். தங்கச்சியைக் கட்டிக்கொண்டு அழுது முடித்ததும் கேட்டாள்: "கடைசியில பேசுனது யாருடி? சேவலைக் கேட்டும் நம்பலை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் நம்புனேன். பொய் சொல்றவனுக்குக் குரல் அப்படி நடுங்காது."

அவருடைய பெட்டிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். நான் வைத்துக்கொள்வது அந்தக் கோழிக்குஞ்சுக் குரலை மட்டும்தான்.